கல்கத்தாவில் இரண்டு நாள், அக்காவுடன்

 

டார்ஜிலிங், கேங்டாக் படங்களைப் போட்டதும் "டீச்சர், பயணக் கட்டுரை எங்கே?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். மலையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன்னால் கல்கத்தாவில் இருந்த இரண்டு நாளை எழுதி முடித்தால்தான் எனக்கு மற்றது எழுத வரும். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம், கோபிக்க மாட்டேன்.

கொல்கத்தா என்று பெயர் மாறியது 2001-ல். "கல்கத்தா" என்று எழுதியவர்களுக்கு நானே சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். ஆனால் அக்கா வாயில் அது கல்கத்தாதான். இந்தப் பதிவிலும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

சொந்தக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம், மாணவர்களுக்குத் தெரியாது. நானும் அக்காவும் பதினொரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. கல்யாண வீட்டில் பார்த்தால் "வா", "வாங்க" அளவுக்கு உண்டு. பந்தியில் ஒரே வரிசையில் உட்கார மாட்டோம். அம்மா இறந்த 2014-லிருந்து இப்படித்தான். வீட்டு விஷயம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சென்ற டிசம்பரில் ஒரு சுற்றுலாக் குழுவோடு டார்ஜிலிங் போக ஆசைப்பட்டேன். விவரம் கேட்டதில், ஒரு அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில்தான் கட்டணமாம். தனி அறை வேண்டுமென்றால் தனியாகப் பல ஆயிரம் கட்ட வேண்டும். "யாராவது ஒரு லேடியோட ஷேரிங்ல போட்டுடுறேன்மா, கவலைப்படாதே" என்றான் மகன். அந்த "யாராவது ஒரு லேடி" யார் என்பது சென்னை விமான நிலையத்தில்தான் தெரிந்தது. அக்கா மகள் ஒரு பக்கம் அக்காவைக் கூட்டிக்கொண்டு நிற்கிறாள், இந்தப் பக்கம் என் மகன் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறான். இரண்டும் சேர்ந்து ஆறு மாதமாகத் திட்டம் போட்டிருக்கின்றன. அக்காவுக்கும் அப்போதுதான் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தேன், திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். "டிக்கெட் காசு திரும்ப வருமா?" என்று மகளைக் கேட்டாள். "வராதும்மா" என்றாள் மகள். கோவில்பட்டிக்காரி காசை விட்டுவிட்டுப் போவாளா? பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்துவிட்டாள்.

குழு கல்கத்தாவில் கூடுவது வெள்ளிக்கிழமை மதியம். எங்களுக்கு டிக்கெட் போட்டிருந்தது புதன்கிழமைக்கு. அன்றைக்குக் கட்டணம் குறைவு என்று காரணம் சொன்னான் மகன். அதுவும் சதியில் ஒரு பகுதி என்று இப்போது ஒத்துக்கொள்கிறான். எப்படியானாலும் வயதானவர்களுக்கு இது நல்ல யோசனை. விமானத்தை விட்டு இறங்கிய அன்றைக்கே இரவு ரயிலில் ஏறி, மறுநாள் மலைப்பாதையில் குலுங்கினால் நம் முட்டியும் வயிறும் தாங்காது. எனக்கு 66, அக்காவுக்கு 71.

விமான நிலைய வாசலில் மஞ்சள் அம்பாசடர் டாக்ஸி கிடைத்தது. அந்தக் கார் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில்தான் தயாரானது. 2014-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் ஓடுகிற வண்டிகளும் வருஷக்கெடு முடிந்து ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இதையெல்லாம் வழக்கம்போல நான் சொல்ல ஆரம்பித்து, கேட்பதற்கு ஆள் இல்லை என்று நினைவு வந்து நிறுத்திவிட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். இறங்கும்போது டிரைவருக்கு ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

அறை ராஷ்பிஹாரி சந்திப்புக்குப் பக்கத்தில். சின்ன அறை. இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். சாயங்காலம் நடந்து போகிற தூரத்தில் லேக் மார்க்கெட். தமிழர்கள் பல தலைமுறையாகக் குடியிருந்த பகுதி அது. இட்லி தோசைக் கடைகள், காப்பித்தூள், வாழை இலை, கட்டின பூச்சரம் எல்லாம் கிடைக்கும். ஒரு கடையில் ஃபில்டர் காப்பி வாங்கி எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். "சீனி போடாம ஒண்ணு" என்று அக்கா என் சார்பில் சொன்னாள். எனக்குச் சர்க்கரை வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கவில்லை. அன்று எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். ராத்திரி அவள் குறட்டை மட்டும் பேசியது.

வியாழக்கிழமை காலை காளிகாட் போனோம். டிசம்பர் மாதக் கல்கத்தா, நம் ஊர் மார்கழியை விடக் கொஞ்சம் கூடுதல் குளிர். அதற்கே வங்காளிகள் குல்லாயும் மஃப்ளருமாக, இமயமலைக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி நடக்கிறார்கள். கோயிலில் பண்டாக்களிடமிருந்து தப்பிப்பது தனிக் கலை. அக்கா அவர்களுக்குச் சுத்தத் தமிழில் பதில் சொன்னாள். வேலை செய்தது. இப்போதுள்ள கோயில் 1809-ல் கட்டியது. மூன்று பெரிய கண்ணும் நீட்டிய தங்க நாக்குமாக அம்மன். ஒரு நொடிதான் பார்க்க விடுகிறார்கள், அந்த ஒரு நொடி போதும்.

கோயிலை ஒட்டி ஒரு பழைய கட்டடம். "இது என்ன சத்திரமா?" என்று அக்கா கேட்டாள். பதினொரு வருஷத்தில் என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி. நிர்மல் ஹ்ருதய். அன்னை தெரசா 1952-ல் தொடங்கியது. தெருவோரத்தில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து, கழுவித் துடைத்து, படுக்கையில் கிடத்தி, கடைசி நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்படி பார்த்துக்கொண்ட இடம். சொன்னேன். "பக்கத்துல ஒரு ஆளு" என்று அவள் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். வாசலைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றாள்.

பக்கத்தில் ஓடுகிற கால்வாயைக் காட்டினேன். ஆதி கங்கை என்று பெயர். ஒரு காலத்தில் ஆறு இந்த வழியாகத்தான் கடலுக்குப் போனது. பிறகு திசை மாறிவிட்டது. இப்போது சாக்கடை மாதிரி கறுப்பாகக் கிடக்கிறது. "கும்பிடணுமா வேண்டாமா?" என்று கேட்டாள். உண்மையாகவே எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் கும்பிட்டுக்கொண்டாள்.

காளிகாட்டிலிருந்து எஸ்பிளனேடுக்கு மெட்ரோ. 1984-ல் இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரைதான் ஓடியது. "முதல் மெட்ரோ எங்கே?" என்று எத்தனை பேரை எழுப்பிக் கேட்டிருக்கிறேன்! டெல்லி என்று சொன்னவர்கள் இன்னும் என் நண்பர் பட்டியலில் இருக்கிறீர்கள். எஸ்பிளனேடில் மாறி ஹவுரா போகிற ரயிலைப் பிடிக்க வேண்டும். மாறுகிற தூரம் கொஞ்சம் அதிகம், நகரும் படிக்கட்டில் அக்காவுக்கு ஏறத் தெரியவில்லை. கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். இறங்கினதும் விட்டுவிட்டாள்.

இந்த ரயில் 2024-ல்தான் ஓடத் தொடங்கியது. ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே போகிறது. ஆற்றின் கீழ் 520 மீட்டர், முக்கால் நிமிஷம்தான். அந்த இடம் வந்ததும் சுரங்கச் சுவரில் நீல விளக்கு எரிகிறது. பிள்ளைகள் எல்லாம் செல்போனைத் தூக்குகிறார்கள். "எக்கா, இப்ப நம்ம தலைக்கு மேல கங்கை" என்றேன். அவள் உடனே செருப்பைக் கழற்றிவிட்டு மேலே பார்த்துக் கும்பிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த காலேஜ் பையனும் என்னவென்று தெரியாமல் மேலே பார்த்தான்.

ஹவுராவில் வெளியே வந்தால் பாலம். படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் நேரில் வேறுதான். 1943-ல் திறந்தது, 705 மீட்டர் நீளம், ஆற்றுக்குள் ஒரு தூண் கிடையாது. இரண்டு கரையிலிருந்தும் கையை நீட்டி நடுவில் பிடித்துக்கொண்ட மாதிரி. 26,500 டன் எஃகு. நட்டு, போல்ட் இல்லாமல் முழுக்க ரிவிட் அடித்துச் சேர்த்தது. 1965-ல் ரவீந்திர சேது என்று பெயர் வைத்தார்கள், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நம்ம ஊர்க்காரர்கள் மட்டும்தான் வெற்றிலை துப்புகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இங்கே துப்பித் துப்பித் தூணின் அடிப்பகுதி அரித்துப்போய், ஃபைபர் உறை போட வேண்டி வந்தது.

நடந்தே கடந்தோம். தலைச்சுமைக்காரர்கள் நம்மை இடிக்காமல் ஓடுகிற வேகம் ஆச்சரியம். நடுப்பாலத்தில் பஸ் போகும்போது கால் அடியில் அதிர்கிறது. அக்கா ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் என் முந்தானை நுனியையும் பிடித்திருந்தாள். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பாலத்தின் அந்தப் பக்கத்தில் இறங்கினால் மல்லிக் காட் பூச்சந்தை. நம் தோவாளையைப் பார்த்தவர்களுக்குப் புரியும், ஆனால் இங்கே செண்டுமல்லிதான் ராஜா. ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கயிறு கயிறாகத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். காலடியெல்லாம் சகதியும் பூவும். அதைத் தாண்டினால் படித்துறை. முட்டி கெஞ்சியது, உட்கார்ந்துவிட்டோம்.

எதிரே லாஞ்சு போய்க்கொண்டிருந்தது. ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக மிதந்து வந்தது. அக்கா இரண்டு படி இறங்கித் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். "அம்மாவுக்கும் சேத்து" என்று இன்னொரு கை.

அங்கேதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கங்கையின் பெரிய ஓட்டம் பத்மா என்ற பெயரில் வங்கதேசத்துக்குப் போய்விடுகிறது, இது பிரிந்து வருகிற பாகீரதி–ஹூக்ளி, வண்டல் சேர்ந்து கல்கத்தா துறைமுகம் தூர்ந்துபோகாமல் இருக்க ஃபராக்காவில் அணை கட்டி 1975 முதல் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள், கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலே... (கல்கத்தாவைக் கடலுக்குள் புள்ளி வைத்த மாணவர்களே, யார் என்று சொல்லவில்லை.)

அக்கா முழுக்கக் கேட்டாள். அப்புறம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எந்தத் தண்ணி எங்க போகும்னு உனக்கு எல்லாம் தெரியும். அம்மாவுக்கு அன்னைக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் நீ ஒரு தடவகூடக் கேக்கலட்டி."

2014-ல் பத்தாம் வகுப்பு எழுதிய பிள்ளைகள் இதைப் படித்தால், உங்களுக்கு அந்த வாரம் ஞாபகம் இருக்கலாம். சமூக அறிவியல்தான் கடைசிப் பரீட்சை, புதன்கிழமை. திங்களும் செவ்வாயும் சாயங்காலம் வரை உங்களை உட்காரவைத்து மேப் போட வைத்தேன். புதன் மத்தியானம் நீங்கள் பரீட்சை முடிந்து "எல்லாம் வந்திருச்சு டீச்சர்" என்று ஓடி வந்தபோது என் கையில் போன். அக்கா பேசினாள். அம்மா பத்தரை மணிக்குப் போய்விட்டாள் என்று. திங்கள்கிழமை ராத்திரியே மூச்சிரைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் நான் இருக்கிறேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய் இறங்கினதும், சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கும்போதே, "கடைசி மூச்சக்கூட நீ ஒருத்தியா வச்சுக்கிட்டியே, வீட்டையும் அப்படியே வச்சுக்கோ" என்று சொன்னேன். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பலர் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள். நாலு வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவளிடம் சொன்ன வார்த்தை அது.

படித்துறையில் வைத்துக் கேட்டேன். "என்ன ஆச்சுக்கா?"

"செவ்வாக்கிழம காலையில நல்லாத்தான் பேசுனா. உன்னைக் கூப்பிடுதேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டா. 'சின்னவ பிள்ளையளுக்குப் பரீட்ச. அவ பாடம்தான் கடைசி. இப்பக் கூப்பிட்டா பாதியில போட்டுட்டு ஓடியாருவா. புதங்கெழம முடிஞ்சதும் கூப்பிடு'ன்னா. நானும் ரெண்டு நாள்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னுதான் நெனச்சேன். டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"நீதான் வீட்டச் சேத்துச் சொல்லிட்டியே. அதுக்குப் பெறகு அம்மா சொன்னதச் சொன்னா, வீட்டுக்காகக் கத கட்டுதான்னு நெனப்ப."

நினைத்திருப்பேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அதற்கு மேல் என்ன பேசினோம் என்று வரிசையாக ஞாபகம் இல்லை. நான் அழுதேன், அவள் அழவில்லை. "நானும் உன்னைக் கேக்காமக் கூப்பிட்டிருக்கணும். அம்மா சொன்னா என்ன, கூப்பிட்டிருக்கணும்" என்று ஒருமுறை சொன்னாள். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி வங்காளத்தில் ஏதோ கேட்டாள். "ஒண்ணுமில்ல, என் தங்கச்சி" என்று அக்கா தமிழில் சொன்னாள். அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி துவைக்க ஆரம்பித்தாள்.

2014 பிள்ளைகளே, இதை உங்கள் மேல் பாரமாக ஏற்றவில்லை. உங்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அம்மா உங்களைப் பார்த்ததுகூடக் கிடையாது, ஆனால் நான் லீவில் போகும்போதெல்லாம் உங்களைப் பற்றி ஓயாமல் பேசுவேன். அதை அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

மண்கிண்ணத்தில் டீ குடித்தோம். குடித்துவிட்டு எறிய வேண்டிய கிண்ணத்தை அக்கா எறியவில்லை. ஆற்றில் கழுவி முந்தானையில் துடைத்து, இரண்டையும் பையில் போட்டுக்கொண்டாள். "கார்த்திகைக்கு விளக்கேத்தலாம்." கார்த்திகை முடிந்துபோச்சே என்றேன். "அடுத்த வருசம் வராதா?" என்றாள்.

அன்று மாலை ஒரு மிட்டாய்க் கடையில் சந்தேஷ் வாங்கினோம். குளிர்காலத்தில் மட்டும் பேரீச்சை இன மரத்தில் பதநீர் இறக்கி, காய்ச்சி, புது வெல்லம் எடுக்கிறார்கள். நோலென் குர் என்று பெயர். அதைச் சேர்த்த சந்தேஷ் லேசாகப் பழுப்பு நிறத்தில் இருக்கும். வாயில் போட்டதும் அக்கா "ஏட்டி, இது நம்ம கருப்பட்டில்லா!" என்றாள். அந்தப் புகை வாசம் அப்படியே நம் பனங்காட்டு வாசம். எனக்குப் பாதி கொடுத்தாள். சர்க்கரை இருக்கிறதே என்றேன். "பாதிதான" என்றாள்.

அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் மூன்று மணி வரை பேசினோம். பதினொரு வருஷத்தில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு பாக்கி இல்லாமல் கேட்டுக்கொண்டாள். உங்களில் சிலருடைய கல்யாண விஷயம்கூட வந்தது.

வெள்ளிக்கிழமை காலை விக்டோரியா மெமோரியல் போனோம். 1921-ல் திறந்த சலவைக்கல் மாளிகை. உள்ளே கூட்டம். தூக்கம் இல்லாததால் பாதியிலேயே இரண்டு பேரும் தோட்டத்தில் மரநிழலில் உட்கார்ந்து தூங்கிவிட்டோம். அதனால் அதைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. டிராம் ஏற வேண்டும் என்ற ஆசையும் நிறைவேறவில்லை. 1873-ல் குதிரை இழுத்து ஓடத் தொடங்கிய டிராம் இப்போது வழித்தடம் வழித்தடமாகக் குறைந்துகொண்டே வருகிறது. போகிறவர்கள் முதல் வேலையாக அதில் ஏறிவிடுங்கள்.

மதியம் குழுவோடு சேர்ந்தோம். மொத்தம் 24 பேர், பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள். கூட்டிப்போகிற தம்பி எல்லோருக்கும் நீலத் தொப்பியும் கழுத்தில் மாட்ட அட்டையும் கொடுத்தான். பட்டியலைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் ஒரு நல்ல செய்தி. ஒரு லேடி வரலை. விருப்பம்னா உங்கள்ல ஒருத்தருக்குத் தனி ரூம் போட்டுடலாம், எக்ஸ்ட்ரா இல்லை" என்றான்.

"எதுக்கு? இவ ராத்திரி மாத்திரை போட மறந்திருவா" என்றாள் அக்கா.

வீட்டுக் கணக்கு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. பொங்கல் கழிந்து உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறாள். இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது. வீடு என்ன வெலைக்குப் போகும்னு மட்டும் எழுதிராத" என்றாள்.

சியால்தாவில் இரவு ரயில் ஏறினோம். இரண்டு பேருக்குமாக ஒரு கீழ் பெர்த்தும் ஒரு நடு பெர்த்தும். யார் நடுவில் ஏறுவது என்ற சண்டை நியூ ஜல்பைகுரி வரை தீரவில்லை. ஒரே பெர்த்தில் ஆளுக்கொரு ஓரமாகச் சாய்ந்துகொண்டே போனோம்.

டார்ஜிலிங் பொம்மை ரயில் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன். ஹவுரா பாலத்தில் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை மகன் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அவள் இன்னொரு கையில் என்ன பிடித்திருக்கிறாள் என்று பெரிதாக்கிப் பாருங்கள்.